நேராக வைத்த அடிக்கோல்

அன்பு ரெக்ஸன்,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். வீட்டுக்கு வெள்ளையடித்து முடிந்தது. வாசல் கதவுக்கு நீ சொன்ன நிறத்தையே அடித்திருக்கிறார்கள். அம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "இது கதவா, கத்திரிக்காயா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பந்தலுக்கும் சமையலுக்கும் சொல்லியாகிவிட்டது. போன ஞாயிறு காலைப் பூசை முடிவில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். பங்குச்சாமி உன் பெயரையும் ஷெரின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொன்னதும் முன்வரிசைப் பெண்கள் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவதைப் படித்துவிட்டு, அப்பா உன் கல்யாணத்தில் சந்தோஷமாக இல்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினால் என்னவெல்லாம் ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுவதையும் படி. படித்துவிட்டு ஷெரினிடம் கொடு. இது அவளுடைய அப்பாவைப் பற்றியதும்தான்.

ஓலை வாசித்து முடிக்கும்போது சொல்லும் வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பாய். இவர்கள் திருமணத்துக்கு விக்கினம் ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மூன்று ஞாயிறும் அதையே சொல்வார்கள், யாரும் காதில் வாங்குவதில்லை. போன ஞாயிறு சாமி அதைச் சொன்னபோது அம்மா முழங்கையால் என்னை இடித்தாள். "உங்களத்தான் கேக்காரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கல்யாணமான முதல் வருடத்திலிருந்து அவளுக்கு இந்த விஷயம் தெரியும். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவர்த்தி வாங்கும்போது "இந்த வருசமாவது சொல்லுதீயளா?" என்று கேட்பாள். நான் அடுத்த வருடம் என்பேன். அப்படியே முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

நான் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தது உனக்குத் தெரியும். இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதில் இருப்பது இதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வாழ்நாள் முழுவதும் என் வேலை. கையெழுத்து நன்றாக இருந்ததால் மாலை நேரங்களில் பங்கு அலுவலகத்துக்கும் போய்ப் பதிவேடு எழுதிக்கொடுப்பேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, வேறு பொழுதுபோக்கும் கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடு உயரமான ஒரு புத்தகம். திறந்து வைத்தால் இடது பக்கத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், தேதி. வலது பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து வேறு ஊரில் கல்யாணம் செய்தால் அந்த ஊர்ப் பங்கிலிருந்து நமக்கு ஒரு தகவல் தாள் வரும். இன்ன ஊரில், இன்ன பெண்ணுடன் திருமணம் என்று அவன் பெயருக்கு நேராக வலது பக்கத்தில் எழுதிவைப்போம். ஒருவன் ஊருக்கு ஊர் கல்யாணம் செய்துவிடாமல் இருக்க நம் சபையில் இருக்கும் ஏற்பாடு அது. அந்த வேலையை நான் அடிக்கோல் வைத்துத்தான் செய்வேன், எஃகில் செய்த இரண்டடிக் கோல். அப்போதிருந்த பங்குச்சாமி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

உன் மாமனாராகப் போகிற லூர்துவின் அப்பா சவேரி, தோணி ஓட்டும் தண்டல். மாலத்தீவுக்கும் கொச்சிக்கும் சரக்குத் தோணி கொண்டுபோகிறவர். அடுத்த வீட்டுப் பவுல், தோணி கட்டுகிற ஓடாவி. இவர் கட்டியதை அவர் ஓட்டினார், அவர் கடலில் உடைத்ததை இவர் கரையில் சரிசெய்தார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். குழம்புச் சட்டி சுற்றிக்கொண்டு தெரு வழியாக வருவது வீண் நடை என்று அந்தச் சுவரில் ஓடாவியே ஒரு கதவு வைத்திருந்தார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தண்டல் மகன் லூர்துவுக்கும் ஓடாவி மகள் ஜெசிந்தாவுக்கும் கல்யாணம் என்று பேசியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. "கதவு வச்ச அன்னைக்கே ஒப்புத்தாம்பூலம் முடிஞ்சுபோச்சே" என்று ஊரில் கேலி பேசினார்கள்.

இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. லூர்துவின் ஞானஸ்நானச் சான்றிதழை எழுதிவைக்கும்படி சாமி முன்பே சொல்லியிருந்தார். அந்த மாதம் கப்பல்கள் அதிகம், எனக்குத் தள்ளிப்போய்விட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை பதிவேட்டைத் திறந்தேன். லூர்துவின் வரியில் அடிக்கோலை வைத்தேன். வலது பக்கத்தில் அதற்கு நேராக, கொச்சியில் ஒரு பெண்ணுடன் திருமணம் நடந்ததாக எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

ரெக்ஸன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஐந்து தடவை இழுத்துப் பார்ப்பேன். "அப்பா இழுக்கிற இழுப்புல திருடனுக்கு வேலை மிச்சம்" என்று நீ கிண்டல் செய்வாய். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். இந்தப் பழக்கமெல்லாம் பிறவியில் வந்ததல்ல, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்தது. அன்று மட்டும் எனக்கு என்மேல் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. சாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உறுதிதானா? தண்டல் மவன் அப்படிப்பட்ட ஆளில்லியே" என்று கேட்டார். நான், "என் கையெழுத்து சாமி" என்றேன். கொச்சியிலிருந்து வந்த தகவல் தாள் பின்னால் இருந்த அலமாரிக் கோப்பில் இருந்தது. கோப்பில் வைத்தவனும் நான்தான். கையை நீட்டினால் எட்டும் தூரம். எடுத்துப் பார்த்திருந்தால் அதில் ராயப்பன் என்று பெயர் இருந்திருக்கும். ராயப்பன் லூர்துவுக்கு அடுத்த வரிக்காரன், இறால் கம்பெனி வேலைக்குக் கொச்சிக்குப் போய் அங்கேயே முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவன்.

நடந்தது இவ்வளவுதான். தகவல் வந்தபோது நான் ராயப்பன் வரிக்கு நேராகச் சரியாகத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு பதிவேட்டின் தையல் விட்டுப்போயிருக்கிறது என்று நானே பைண்டரிடம் கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஒழுங்காக இருக்கட்டும் என்று நானாகச் செய்தது. அவர் தைத்தபோது வலது பக்கத்துத் தாள்கள் ஒரு வரி அளவுக்கு மேலே ஏறிவிட்டன. வலது பக்கம் அநேகமாக வெறுமையாக இருந்ததால் கண்ணில் படவில்லை. கோணலாகப் பார்க்கிற ஒருவன் கண்டுபிடித்திருப்பான். நான் அடிக்கோலை நேராக வைத்தேன். நேராக வைத்ததுதான் தவறாகப் போயிற்று.

கொச்சிக்குக் கடிதம் போட்டு விசாரிக்கிறேன், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார் சாமி. அந்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. சாமி அறிவிப்புகளை முடித்துவிட்டுச் சிலுவை போட்டதும் கோவில் முழுவதும் ஒரு அசைவு ஓடியது. இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்ததும் ஓடாவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான அங்கன எழுதுத? என்னலே விசயம்? பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன்லா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தெரியாது என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். சாமியிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான், "கொச்சியில..." என்று ஆரம்பித்து, பயந்து, நிறுத்திவிட்டேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மீதியை ஊர் சொல்லி முடித்தது. மத்தியானத்துக்குள் லூர்துவுக்குக் கொச்சியில் பெண்டாட்டியும் ஒரு குழந்தையும் வந்துவிட்டார்கள்.

மறுநாள் பழைய துறைமுகத்தில் ஒரு சரக்குப் பட்டியலில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். தண்டலும் லூர்துவும் பயணம் முடிந்து அப்போதுதான் தோணியிலிருந்து இறங்கி வந்தார்கள். கரையில் நின்ற ஓடாவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "என்னவே தண்டலு, கொச்சியில மருமவ சுகமா?" சுற்றி நின்ற சுமைக்காரர்கள் சிரித்தார்கள். தண்டலுக்கு முதலில் புரியவில்லை, ஒருவர் காதில் சொன்னார். அவர் மகனைப் பார்த்துத் திரும்பி, "சொல்லுலே, உள்ளதா?" என்றார். லூர்து, "இல்லப்பா. மாதா சத்தியமா இல்ல" என்றான். மாதா பெயரைச் சொன்னதற்கே அவருக்குக் கோபம் வந்ததோ என்னவோ, அத்தனை பேர் முன்னால் அவன் கன்னத்தில் அறைந்தார். பிறகு ஓடாவியிடம், "நீ அடிச்ச ஆணி அத்தனையும் என் தோணியிலருந்து பிடுங்கிட்டுப் போவே" என்றார். "பிடுங்குனா முங்கிருவியேன்னுதான் பாக்கேன்" என்றார் ஓடாவி. நாற்பது வருட நட்பில் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். நான் கையில் பட்டியலோடு ஒரு மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாரமே ஓடாவி நடுச்சுவர்க் கதவைப் பெயர்த்து எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். மரவேலைக்காரர், கொத்துவேலையும் தானே செய்தார்.

ஐந்து வாரம் கழித்துக் கொச்சியிலிருந்து பதில் வந்தது. அதில் ராயப்பன் பெயர். அப்போதுதான் கோப்பை எடுத்தேன், அடிக்கோலை எடுத்தேன், தையலைப் பார்த்தேன். சாமி என்னைத் திட்டவில்லை. "நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டார். நான், "நீங்களே சொல்லிருங்க சாமி" என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமை, பதிவேட்டில் ஏற்பட்ட ஒரு பிழையால் இப்படி ஆகிவிட்டது, லூர்து குற்றமற்றவன் என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. தண்டல் சாமியைச் சரிக்கட்டிவிட்டார் என்றார்கள். பிழை என்றால் யார் செய்த பிழை என்று கேட்டார்கள், அதற்குச் சாமி பதில் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினார். அடுத்த மே மாதம் அவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இத்தனை வருடமும் இதை யோசித்து எனக்குப் புரிந்த ஒன்றை மட்டும் உனக்குச் சொல்கிறேன். பிழை நடந்துவிட்டது என்று சொன்னால் ஊர் நம்பாது. நான் செய்தேன் என்று ஒருவன் எழுந்து நின்றால் நம்பும். நான் பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊருக்கே தெரியும். தையல் பிசகிய பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அன்று எழுந்து நின்றிருந்தால் சிரித்திருப்பார்கள், ஏசியிருப்பார்கள், கடைசியில் நம்பியிருப்பார்கள். கல்யாணம் நடந்திருக்கும். நாளைக்கு உன் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாலும், "அப்படி ஆயிட்டு" என்று ஷெரினிடம் சொல்லாதே. "நான் பண்ணிட்டேன்" என்று சொல். கேட்பதற்குச் சின்ன வித்தியாசமாகத்தான் இருக்கும்.

நான் உன்னையும் கெடுக்கப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கீழே போட்டு உடைத்தாய். வேறொரு பையனை வாசலில் முட்டி போட வைத்தார்கள். நீ வீட்டுக்கு வந்து அழுதாய். நான் உனக்குச் சொன்ன புத்திமதி, "கேட்டா சொல்லு, கேக்கலன்னா சும்மா இரு" என்பது. உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து, "உங்க வியாதிய அவனுக்கும் குடுக்காதீய" என்றாள். மறுநாள் அவளே உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நீ டீச்சரிடம் சொல்லி இரண்டு அடி வாங்கிக்கொண்டு வந்து, அன்று மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து அப்பன் பொறாமைப்படலாமா தெரியவில்லை, நான் பட்டேன்.

ஜெசிந்தாவை ஓடாவி அவசரமாக வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார். லூர்து சென்னைக்குப் போய்க் கப்பல் பட்டறையில் சேர்ந்தான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். சில வருடம் கழித்து ஓடாவி இறந்தபோது தண்டல் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் மின்கம்பத்தின் அருகில் காலையிலிருந்து வெயிலில் நின்றார். பெட்டியைத் தூக்கியதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கல்லறை வரைக்கும் பத்தடி பின்னாலேயே நடந்தார். நான் அவருக்குப் பின்னால் பத்தடியில் நடந்தேன். அந்தப் பத்தடியைத் தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

இப்போது உனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். நீ சென்னையிலிருந்து ஷெரின் வீட்டுப் படத்தை அனுப்பினாயே, அதில் அவளுக்குப் பின்னால் நரைத்த மீசையோடு நின்றவரை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். உலகத்தில் இத்தனை பெண்கள் இருக்க என்று ஒரு கணம் உன்மேல் கோபம்கூட வந்தது. பெண் பார்க்கப் போனபோது லூர்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்களா? நம்ம தெரு அண்ணனா?" என்று கண் கலங்கினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நிச்சயதார்த்தம் அன்றும் சொல்லவில்லை. உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். உனக்காகப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். பாதிக்கு மேல் எனக்காகத்தான்.

போன ஞாயிறு அம்மா இடித்த பிறகும் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் லூர்துவிடம் போனேன். கல்யாணத்துக்காக முன்னாலேயே வந்து, பூட்டிக் கிடந்த அப்பா வீட்டைத் திறந்து, அவனே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அந்த நடுச்சுவரில் எத்தனை பூச்சு அடித்தாலும் பழைய கதவின் விளிம்பு ஈரமாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கோல், பைண்டர், கோப்பு, "கொச்சியில" என்று ஆரம்பித்து நிறுத்தியது, சாமியையே சொல்லச் சொன்னது. இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை. அவன் பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். விரலில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"அப்பா சாவப் போறப்போ நான் பக்கத்துல இருந்தேன் அண்ணே" என்றான் கடைசியில். "என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'கொச்சியில யாருக்கும் சொல்லி அனுப்பணுமாலே? வரணும்னா வரட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்'னாரு. கோவிக்கல. மன்னிச்சிட்டாரு. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிட்டு உக்காந்திருந்தேன்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. "அந்த அடிக்கோல இப்பவும் வச்சிருக்கீயளா?" என்று கேட்டான். வைத்திருக்கிறேன் என்றேன். "வச்சிருப்பீய" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. கல்யாணம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். "ஒரு கல்யாணத்த நீங்க நிறுத்துனது போதாதா? இன்னொண்ண நான் நிறுத்தணுமாக்கும்? பிள்ளையகிட்ட சொல்லிருங்க, அதுக பாடு. ஆனா எங்கிட்ட மட்டும் சொல்லி முடிச்சிரக் கூடாது அண்ணே. சொவத்துக்கு அந்தப் பக்கமும் சொல்லுங்க. பொறவு ஓலை நின்ன எடத்துலயும் சொல்லுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் போகத் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. ஜெசிந்தா சில வருடம் முன்பு முத்தையாபுரத்திலிருந்து புருஷனோடு தன் ஐயா ஓடாவியின் வீட்டுக்கே வந்துவிட்டது உனக்குத் தெரியும். முற்றத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். "கல்யாணத்துக்குச் சொல்ல வந்தீயளா? வாங்கண்ணே" என்றாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே நண்டு உடைத்தாள். முடித்ததும் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

"ஏமாத்திட்டான்னு நெனச்சுத்தான் நான் கண்ணீர் விடாம வேற ஆளுக்குக் கழுத்த நீட்டுனேன். ஏமாத்தலன்னு தெரிஞ்சிருந்தா அழுதிருப்பேன்" என்றாள். பிறகு, "அழுதிருக்கணும்லா அண்ணே" என்றாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் யார் வந்திருப்பது என்று கேட்டார். அவள் குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். என் பக்கம் திரும்பி, "நல்ல மனுசன். முப்பது வருசமா ஒரு கொறையும் வைக்கல. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமா, ஏசணுமான்னு தெரியல. நண்டு வேகட்டும், யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். நான் எழுந்தபோது வாசல் வரை வந்தாள். "கோவில்ல சொல்லும்போது எங்க ஐயா பேரையும் சேத்துச் சொல்லுங்க. அவரு பொல்லாதவரு இல்ல. பயந்துட்டாரு. அவ்வளவுதான்." மத்தியானம் ஒரு கிண்ணம் நண்டுக் குழம்பு வந்தது. ஏசலா, நன்றியா என்று இன்னும் செய்தி வரவில்லை. அம்மா அதை முழுவதும் சாப்பிட்டாள்.

ஆகவே, மகனே, விஷயம் இது. நீயும் ஷெரினும் இதைப் படித்துவிட்டு என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். அவளுக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் அது நியாயம். நான் கல்யாணத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன், எனக்கு அது பழகிய இடம்தான். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய தாத்தா தண்டல் தன் மகனை நம்பாமல் போனதற்கு அந்த மகன் காரணமில்லை என்று அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். அதை நீ உன் வாயால் சொல். என் கடிதம் அதற்குப் போதாது.

புதன்கிழமை பங்குச்சாமியைப் பார்த்தேன். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. மூன்றாம் ஓலை முடிந்ததும் சபையின் முன் நான் பேச அனுமதி கேட்டேன். முழுவதையும் கேட்டார். இரக்கப்பட்டு, "எழுதிக் குடுத்திருங்க ஐயா, நானே வாசிச்சிருதேன்" என்றார். முப்பத்து மூன்று வருடம் கழித்து அதே கேள்வி. பக்கத்து அலமாரியில் அந்தப் பதிவேடு இருக்கிறது, தையல்கூட அப்படியே. "இல்ல சாமி, நானே சொல்லுதேன்" என்றேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். காற்று நன்றாக இருந்தது. அன்று வீட்டைப் பூட்டியது நினைவுக்கு வந்தது, எத்தனை தடவை இழுத்தேன் என்பது நினைவில் இல்லை.

கோவிலில் சொல்வதற்கு எட்டு வரி எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியதில் "நேர்ந்துவிட்டது" என்று மூன்று இடத்தில் வந்திருந்தது. மூன்றையும் அடித்துவிட்டு "செய்தேன்" என்று மாற்றினேன். தினமும் காலையில் அடுக்களை வாசலில் நின்று வாசித்துப் பார்க்கிறேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "சத்தம் பத்தல, எனக்கே கேக்கல" என்கிறாள். இன்று காலை, "இப்ப கேக்கு" என்றாள்.

நீ மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை காலை ரயிலில் வந்துவிடு. ஞாயிறு கோவிலில் இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் அம்மாவோடு உட்கார். லூர்து வருகிறான், ஜெசிந்தாவும் புருஷனோடு வருகிறாள். ஷெரினுக்கு மனமிருந்தால் அவளும் வரட்டும். நான் எழுந்து நடக்கும்போது தடுமாறினாலும் கையைப் பிடிக்காதே. என் குரல் பாதியில் நின்றால் எழுந்து வராதே. கொஞ்சம் பொறு. மீதியையும் நானே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா